நல்லர்பாரைத் தனியே ஓடிக் கடக்க: நார்ஸ்மனிலிருந்து பாலடோனியா வரை, முதல் ஆறு நாட்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் என்னும் சிற்றூரிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனா வரை, நல்லர்பார் என்னும் சமவெளியின் வழியே, ஐர் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,200 கி.மீ. நீள்கிறது. இடையில் நகரம் என்று சொல்லத்தக்க ஊர் ஒன்றும் இல்லை. எரிபொருளும் உணவும் படுக்கையும் கிடைக்கும் ரோட்ஹவுஸ்கள் சில மட்டுமே, அவற்றுள் சில ஒன்றுக்கொன்று 180 கி.மீ.க்கும் மேல் இடைவெளி விட்டு நிற்கின்றன. இந்தச் சாலையைத் துணை வாகனம் இல்லாமல், தண்ணீரையும் உணவையும் மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிக் கடப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு கடக்க விரும்புபவர் தம் முதல் ஆறு நாட்களை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். முழுப் பயணத்தையும் பற்றி எழுதாமல் ஆறு நாட்களோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நார்ஸ்மனிலிருந்து முதல் ரோட்ஹவுஸான பாலடோனியாவுக்கு ஏறத்தாழ 193 கி.மீ.; அங்கிருந்து அடுத்ததான கைகுனாவுக்கு 182 கி.மீ. முதல் துண்டின் நடுவே, ஏறத்தாழ 100-ஆவது கி.மீ.இல், ஃபிரேசர் ரேஞ்ச் என்னும் பண்ணையில் தங்கவும் தண்ணீர் பெறவும் வழியிருக்கிறது. இரண்டாம் துண்டில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே முதல் துண்டை, இரண்டாம் துண்டுக்கான ஒத்திகையாக எண்ணி ஓடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. இந்த ஆறு நாட்களில் கூடுதல் தூரம் ஓடி நாளை மிச்சப்படுத்த முயல்பவர்கள், ஐந்தாம் நாளிலோ ஆறாம் நாளிலோ அதற்கான விலையைக் காலில் கொடுக்கிறார்கள்.

புறப்படும் காலமும் திசையும்

மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலமே ஏற்ற காலம். கோடையில் இப்பகுதியில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் ஒருவர் குடிக்க வேண்டிய தண்ணீரை அவரே தள்ளிச் செல்ல முடியாது என்பது எளிய கணக்கு. குளிர்காலத்தில் பகல் இதமாக இருந்தாலும், சில இரவுகள் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். ஆகவே தூக்கப்பையின் எடையைக் குறைக்க நினைக்க வேண்டாம்.

மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவது இக்காலத்தில் நல்லது, ஏனெனில் குளிர்காலத்தில் குளிர்காற்றுத் திரளின் முகப்புகளோடு வரும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசி முதுகைத் தள்ளும். மழையும் அதே காற்றோடுதான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கு நோக்கி ஓடும்போது கவனத்துக்கு வராமல் போகும் செய்தி ஒன்று உண்டு: தென் கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், நாள் முழுவதும் உடலின் இடப்பக்கம் மட்டுமே வெயிலை வாங்கும். இடக் காது, இடக் கழுத்து, இடக் கெண்டைக்காலின் வெளிப்புறம் ஆகியவை இரண்டாம் நாளே எரியத் தொடங்கிவிடும். குளிர்காலம்தானே என்று வெயில் காப்புக் களிம்பை வண்டியின் அடியில் புதைத்து வைக்காமல் கைக்கு எட்டும் பையில் வைத்திருங்கள்.

நார்ஸ்மனை அடைய, பெர்த்திலிருந்து கால்கூர்லிக்கு ரயிலிலும், கால்கூர்லியிலிருந்து எஸ்பரன்ஸ் செல்லும் அரசுப் பேருந்தில் நார்ஸ்மனுக்கும் செல்லலாம். பேருந்து எல்லா நாட்களிலும் ஓடுவதில்லை. கட்டிய நிலையிலோ மடித்த நிலையிலோ தள்ளுவண்டியை ஏற்றிக்கொள்வார்களா என்பதையும் முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் பெர்த்திலோ கால்கூர்லியிலோ வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வருபவர்கள் ஊறுகாய், பொடி, விதை, பால் பொருள் எதைக் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவித்துவிட வேண்டும். அதைவிடப் பெர்த்தின் இந்திய மளிகைக் கடைகளில் வாங்கிக்கொள்வது மன நிம்மதி.

தண்ணீர்க் கணக்கு

நார்ஸ்மனில் குழாயைத் திறந்தால் வரும் நீர், பெர்த்தை ஒட்டிய மலைச்சரிவின் அணையிலிருந்து குழாய்வழி வருவது. 1903-இல் கால்கூர்லியை எட்டிய அந்தப் பெருங்குழாய்த் திட்டம் பின்னர் இவ்வூர் வரை நீட்டிக்கப்பட்டது. இதற்குக் கிழக்கே அத்தகைய குழாய் இல்லை. ரோட்ஹவுஸ்களில் கிடைப்பது மழைநீரோ, லாரியில் வந்த நீரோ, உப்பு நீக்கிய நிலத்தடி நீரோதான். ஆகவே ஓடி வருபவர் என்றாலும் இலவசமாக 30 லிட்டர் கேட்பது முறையாகாது. புறப்படும் முன்பே தொலைபேசியில் பேசி, விலைக்குப் பெற ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஃபிரேசர் ரேஞ்ச் பண்ணைக்கும் இதே வழக்கம்தான். அந்தப் பருவத்தில் திறந்திருக்கிறதா என்பதை நார்ஸ்மனை விட்டு நகரும் முன் கேட்டறியுங்கள், ஏனெனில் உங்கள் கணக்கு முழுவதும் அந்த ஒரு விடையைப் பொறுத்தது.

குளிர்கால நாளொன்றுக்குக் குடிக்க, சமைக்க, கால் கழுவ எல்லாம் சேர்த்து ஆறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிரேசர் ரேஞ்சுக்கு மூன்று நாள் என்றால் 18 லிட்டர். அதற்கு மேல் ஒரு முழு நாள் தாமதத்தைத் தாங்கும் வகையில் ஆறு லிட்டர் சேர்த்தால் 24. பண்ணை மூடியிருக்கிறது என்று தெரிந்தால், ஆறு நாட்களுக்கும் சேர்த்து 40 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். அந்நிலையில் புறப்பாட்டையே தள்ளிவைப்பதும் கேவலம் அல்ல. தண்ணீரை ஒரே பெரிய கலனில் ஊற்ற வேண்டாம். பத்து லிட்டர்க் கலன் ஒன்று, மீதி இரண்டு லிட்டர்ப் புட்டிகள் என்று பிரித்து வைத்தால், ஒன்று வெடித்தோ கசிந்தோ போனாலும் பயணம் முடிந்துவிடாது. சேமிப்பு நீருக்கென்று ஒதுக்கிய புட்டிகளின் மூடியில் சிவப்பு நாடா ஒட்டிவிடுங்கள். சோர்வில் இருக்கும் மனிதன் எந்தப் புட்டியையும் திறப்பான். நாடா ஒரு நொடி தயங்க வைக்கும்.

குறைவாகக் குடிப்பது போலவே மிகுதியாகக் குடிப்பதும் ஆபத்து. முதல் இரண்டு நாட்களில், தண்ணீர் பற்றிய அச்சத்தாலேயே சிலர் தாகமில்லாமல் மடமடவென்று குடிக்கிறார்கள். வியர்வையில் உப்பை இழந்துகொண்டே வெறும் நீரை நிரப்பினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, விரல்கள் வீங்கி, தலைவலியும் குமட்டலும் தோன்றி, முற்றினால் குழப்பமும் வலிப்பும் வரை போகும். இதன் தொடக்க அறிகுறிகள் நீரிழப்பின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், தெரியாமல் மேலும் தண்ணீர் குடித்து நிலைமையைக் கெடுத்துக்கொள்வது எளிது. மோதிரமோ கைக்கடிகாரப் பட்டையோ காலையைவிட மாலையில் இறுகியிருந்தால் தண்ணீரை நிறுத்தி, உப்புள்ள ஏதாவது உண்ணுங்கள். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், நாளில் இரண்டு முறையாவது ஓ.ஆர்.எஸ். கரைசலையோ உப்பிட்ட கஞ்சியையோ எடுத்துக்கொள்வதும் போதுமானது. பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம்.

வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பாலடோனியாவுக்கு மேற்கே நியூமன் ராக்ஸ் போன்ற கருங்கல் பாறைகளில் மழைநீர் தேங்கும் குழிகள் உள்ளன. இப்பகுதியின் பழங்குடியினரான ஙாஜு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த நீர்நிலைகள் அவை. அவற்றில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் கூடாது. அவசரத்துக்கு எடுத்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். கிழக்கே போகப் போகக் கருங்கல் மறைந்து சுண்ணாம்புக்கல் தொடங்குகிறது. பெய்த மழையை அந்தத் தரை விழுங்கிவிடுவதால் ஆறோ ஓடையோ இல்லை. 1841-இல் எதிர்த் திசையிலிருந்து இவ்வழியே வந்த எட்வர்ட் ஜான் ஐர், கடற்கரை மணல் மேடுகளைத் தோண்டியும், விடியலில் இலைகளின் பனித்துளியைப் பஞ்சால் ஒற்றி எடுத்தும் உயிர் பிழைத்தார். அவருடைய பெயரைத்தான் இந்தச் சாலை தாங்கியிருக்கிறது.

வண்டி

மூன்று சக்கர வண்டியின் சக்கரங்கள் 16 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தண்ணீர், உணவு, கூடாரம் எல்லாம் ஏற்றியபின் வண்டியின் எடையோடு சேர்த்து 50 கிலோவை எளிதில் தொட்டுவிடும். கனமான தண்ணீர்க் கலன் பின் அச்சுக்கு நேர் மேலேயும் மிகத் தாழ்வாகவும் இருக்க வேண்டும். முன்பக்கம் கனத்தால் முன் சக்கரம் சரளையில் புதையும், மேற்பக்கம் கனத்தால் பக்கவாட்டில் கவிழும். சாலையின் ஓரச் சரிவு காரணமாக வண்டி இடைவிடாமல் வெளிப்பக்கம் இழுக்கும். இரண்டு கைகளாலும் பிடித்துத் தள்ளினால் தோள்கள் இறுகி, ஓட்டத்தின் இயல்பான கைவீச்சும் நின்றுபோகிறது. ஒரு கையால் தள்ளி, மறு கையை வீசவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுவதே நல்ல முறை. மணிக்கட்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு வார் கட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்: பெரிய வாகனம் கிளப்பும் காற்றில் கைவிட்ட வண்டி தானாக ஓடும்.

சாலையோரப் புற்களில் மூன்று முனை கொண்ட கடினமான முள்விதைகள் கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கியே நிற்கும் வகை அது, நம் ஊர் நெருஞ்சிக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஓய்வுக்கு வண்டியைப் புல்லுக்குள் உருட்டிச் செல்லும் ஒவ்வொரு முறையும் பஞ்சரை அழைத்துக்கொண்டு போகிறீர்கள். சக்கரக் குழாய்க்குள் (டியூபுக்குள்) அடைப்புத் திரவம் ஊற்றுவதோடு, மூன்று மாற்றுக் குழாய்களும் ஒட்டுச் சாமான்களும் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த முழு எடையோடு வீட்டிலிருந்தே குறைந்தது நான்கைந்து முறை 30 கி.மீ. ஓடிப் பார்த்திருக்க வேண்டும். வெறும் வண்டியைத் தள்ளிப் பழகுவது பழக்கமே அல்ல. நான் முதல் முறை பாரம் ஏற்றித் தள்ளியபோது, அரை மணி நேரத்திலேயே இடுப்பின் எந்த மூலையில் வலி வரும் என்று தெரிந்துகொண்டேன். கைப்பிடியை இரண்டு அங்குலம் உயர்த்தியதும் அது போயிற்று. நார்ஸ்மனுக்குக் கிழக்கே அதைக் கண்டுபிடித்திருந்தால் கைப்பிடியை உயர்த்தும் திருகுச் சாவிக்கு எங்கே போவது?

முதல் மூன்று நாட்கள்: ஃபிரேசர் ரேஞ்ச் வரை

தூரத்தை 30, 32, 38 என்று பிரித்துக்கொள்வதைப் பரிந்துரைக்கிறேன். பயிற்சி பெற்ற ஒருவருக்கு முதல் நாளே 50 கி.மீ. ஓட முடியும், முடியும் என்பதுதான் இங்கே பொறி. நுரையீரலும் தசையும் பல மாதப் பயிற்சியில் தயாராகியிருக்கும், ஆனால் தசைநாண்களும் எலும்பும் அவற்றைவிட மெதுவாகவே புதிய சுமைக்கு இணங்குகின்றன. நாள்தோறும், இடைவெளி இல்லாமல், பாரத்தைத் தள்ளிக்கொண்டு, ஒரே சரிவில் ஓடும் சுமையை எந்தப் பயிற்சியும் முழுமையாகத் தந்திருக்காது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கணுக்காலின் முன்புறத்தில், காலணிக் கயிறு கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, வீக்கமும் வலியும் தோன்றுவது பல நாள் ஓட்டக்காரர்களிடையே மிகப் பரவலான ஒன்று. அவ்விடத்தில் விரலை வைத்துப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் உள்ளே நெறுநெறுவென்று உரசுவது தெரியும். அது தெரிந்த நாளில் ஓட்டத்தை நிறுத்தி நடையாக மாற்றிவிட வேண்டும். மேல் கண்ணிகளிலிருந்து கயிற்றைக் கழற்றித் தளர்த்த வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடாது. நீரிழப்போடு சேரும்போது இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் என்பதும் இதற்குக் காரணம்.

முதல் மணி நேரத்திலிருந்தே எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்னும் முறையைக் கடைப்பிடியுங்கள். களைப்புத் தோன்றிய பிறகு நடப்பதற்கும், களைப்பே இல்லாதபோது நடப்பதற்கும் உள்ள வேறுபாடு நான்காம் நாள் காலையில் விளங்கும். வண்டியோடு ஓடும்போது ஒரு கி.மீ.க்கு ஒன்பது நிமிடம் என்பது வேகமே; நடையையும் சேர்த்தால் ஒன்பதரை நிமிடம் ஆகும். அந்தக் கணக்கில் 32 கி.மீ.க்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உணவு, பாதப் பராமரிப்பு, வழியில் நிறுத்திப் பேசுபவர்கள் எல்லாம் சேர்த்தால் ஏழரை மணி நேரம். குளிர்காலப் பகல் பத்து மணி நேரத்தை ஒட்டியே இருப்பதாலும், மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடுவதாலும், காலை ஏழரைக்குப் புறப்பட்டு மூன்று மணிக்கு நிறுத்துவது வசதியாக அமையும். அந்தி மயங்கியபின் சாலையில் இருக்கவே கூடாது. கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது. அவற்றைத் தவிர்க்க முயலும் ஓட்டுநரின் கண்ணில் நீங்கள் இரண்டாவதாகத்தான் படுவீர்கள்.

இந்தியாவைப் போலவே அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்வதால், எதிர்வரும் வாகனம் கண்ணில் படும் வகையில் வலப்பக்கம் ஓட வேண்டும். ரோடு டிரெயின் என்னும் தொடர் லாரிகள் 36.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அவை கடக்கும்போது முதலில் காற்று உங்களைத் தள்ளும், அடுத்த நொடி உள்நோக்கி இழுக்கும். ஒரு லாரி மட்டும் வந்தால் அதன் ஓட்டுநர் பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டி விலகி இடம் கொடுப்பார். இரு திசையிலிருந்தும் வாகனங்கள் வந்து நீங்கள் நிற்கும் இடத்தில் சந்திக்கும் என்று தோன்றினால் அவரால் விலக முடியாது. அப்போது யோசிக்காமல் வண்டியைச் சரளைக்குள் இறக்கி நின்றுவிடுங்கள். முன்னெச்சரிக்கை வாகனத்தோடு வரும் அகலச் சுமைகள் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் வாகனம் முன்செல்லும்போது உங்கள் பக்கத்துக்கு வரும் என்பதால், எதிரே சாலை வெறுமையாக இருக்கிறது என்று நிம்மதி கொள்ளக் கூடாது. காதில் பாட்டு ஓடினால் அந்த ஒலி கேட்காது. சிறிய யு.ஹெச்.எஃப். ரேடியோ ஒன்றில் 40-ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்தால் லாரிக்காரர்கள் உங்களைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்கலாம். இரண்டாம் நாளுக்குள் சாலை முழுவதற்கும் உங்களைத் தெரிந்துவிடும். ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்துவது அங்கே வணக்கம். நீங்களும் ஒரு கையை உயர்த்தினால் போதும்.

நல்லர்பார் என்றால் லத்தீன் மொழியில் மரமில்லாதது என்று பொருள். ஆனால் இந்த ஆறு நாட்களும் நீங்கள் ஓடப்போவது மரங்களின் நடுவே. யூகலிப்டஸ் இனங்கள் நிறைந்த பெருங்காடு இது. மரமில்லாச் சமவெளி நெடுந்தொலைவு கிழக்கே இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம், கூடாரம் அமைப்பதில் காடு தனி ஆபத்துகளைக் கொண்டிருப்பதுதான். பெரிய கிளைகளுக்கு அடியில் படுக்க வேண்டாம், காற்றில்லாத இரவிலும் கிளை முறிந்து விழும். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத அளவு உள்ளே சென்று தங்குவது பாதுகாப்பு. ஆனால் 150 மீட்டர் உள்ளே போய்த் திரும்பினால் எல்லாத் திசையும் ஒன்றாகவே தெரியும். சாலையை விட்டு இறங்கும் இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக்கொண்டு, இரவில் எழுந்து செல்லும்போதும் கருவியையும் தலைவிளக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.

வழியில் கேரவன் வண்டிகளில் நாடு சுற்றும் ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறுத்தி, குளிர்ந்த தண்ணீரும் பழமும் நீட்டுவார்கள். வாங்கிக் குடியுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். யாராக இருந்தாலும், தனியே ஓடும் பெண்கள் குறிப்பாக, இன்றிரவு எங்கே தங்கப் போகிறீர்கள் என்னும் கேள்விக்கு உண்மையான விடை சொல்ல வேண்டியதில்லை. ‘இருட்டும் வரை போவேன், நண்பர்கள் தொடர்பில் இருக்கிறார்கள்’ என்பது போதும். பேசிவிட்டுச் சென்றவர் கண்ணுக்கு மறைந்த பிறகே சாலையை விட்டு இறங்குங்கள்.

உணவும் பாதமும்

நாளொன்றுக்கு 4,000 கலோரிக்கு மேல் தேவைப்படும், ஆனால் முதல் இரண்டு நாட்கள் பசிக்காது. பதற்றமும் புது உழைப்பும் வயிற்றை மூடிவிடும். நான்காம் நாள் அதே வயிறு எதைக் கொடுத்தாலும் போதாது என்று சொல்லும். பசிக்காத நாட்களில் கொடுத்தவற்றைக் கொண்டுதான் பசிக்கும் நாள் ஓடும் என்பதால், மணிக்கு ஒருமுறை சிறிதளவாவது உண்ண வேண்டும். அவல் இந்தப் பயணத்துக்கென்றே செய்தது போன்ற பொருள். குளிர்ந்த நீரிலேயே ஊறும், எரிவாயுவை மிச்சப்படுத்தும், உப்பும் வெல்லமும் எண்ணெயும் எதையும் ஏற்கும். கடலை உருண்டை கையில் வைத்து ஓடிக்கொண்டே கடிக்க ஏற்றது. இரவில் ஒரு சூடான உணவு கட்டாயம் இருக்கட்டும். உடலுக்கு எவ்வளவோ, தனிமைக்கும் அவ்வளவு தேவைப்படுகிறது. திறந்த தீ மூட்டுவதைத் தவிருங்கள். தீத்தடை அறிவிக்கப்பட்ட நாட்களில் அடுப்புக்கும் கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால் ஊறவைத்தே உண்ணக்கூடிய இரண்டு வேளை உணவு எப்போதும் இருக்க வேண்டும்.

பாதத்தில் ஓரிடம் சூடாக உணரப்படும் அந்த நிமிடமே நின்று, காலணியைக் கழற்றி, மணலைத் தட்டி, அவ்விடத்தில் பட்டி ஒட்ட வேண்டும். அடுத்த ஓய்வில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் கொப்புளம் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலுறையை மாற்றி, கழற்றியதை வண்டியின் மேல் உலரவிடலாம். மாலையில் ஒரு குவளைத் தண்ணீரில் பாதத்தையும் தொடை இடுக்கையும் உப்பு போகத் துடைப்பதற்குக் கணக்கில் இடம் இருக்கிறது, அதைக் குடிநீரில் சேர்த்துவிடாதீர்கள். நாள் முழுவதும் ஓடும் பாதம் வீங்கும்; காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும். பகல் சற்றுச் சூடேறினால் ஈக்கள் கண்ணோரத்தை விடாது, தலையை மூடும் ஈவலை இருபது கிராம் எடைதான்.

தொடர்பு

நார்ஸ்மனைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே கைபேசி இணைப்பு மறைந்துவிடும். ஆகவே செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும், அதனினும் முக்கியமாக 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அழைப்புக் கருவி ஒன்றும் உடலோடு இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. அவசரக் கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்வது இலவசம். காலையில் புறப்படும்போதும் மாலையில் தங்கும்போதும் வீட்டில் ஒருவருக்குச் செய்தி போக வேண்டும்; செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருந்து, எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதை அவருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். ‘பயப்பட வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதால் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. ஆஸ்திரேலியாவின் அவசர எண்ணான 000-ஐச் சென்னையிலிருந்து அழைக்க முடியாது என்பதால் நார்ஸ்மன் காவல் நிலையத்தின் முழு எண்ணையும் அவரிடம் கொடுங்கள். இந்தச் சாலையில் சில இடங்களில் தரையிலேயே வெள்ளைக் குறிகள் இட்டுப் பறக்கும் மருத்துவச் சேவையின் விமானம் இறங்குவதற்கான ஓடுதளம் ஆக்கியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை இருக்கும், அருகே கூடாரம் போட வேண்டாம்.

பாலடோனியா வரையும், அங்கிருந்து புறப்படுவதும்

ஃபிரேசர் ரேஞ்சிலிருந்து மீதி 93 கி.மீ.யை 30, 33, 30 என்று குறைத்து ஓடுங்கள். மூன்றாம் நாளின் 38-க்குப் பிறகு உடல் கூட்டச் சொல்லும், கூட்ட வேண்டாம். இந்த மூன்று நாட்களில் செய்ய வேண்டிய உண்மையான வேலை அளப்பதுதான்: ஒவ்வொரு மாலையும் எவ்வளவு தண்ணீர் செலவாயிற்று, எவ்வளவு உணவு மிஞ்சியது, காலையில் எழுந்து முதல் பத்து நிமிடம் எந்த மூட்டு முனகியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நான் மேலே கொடுத்த ஆறு லிட்டர் என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. உங்கள் உடலின் கணக்கு இந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது.

பாலடோனியாவில் ஒரு முழு நாள் ஓய்வு எடுங்கள். அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில், 1979 ஜூலையில் இந்தப் பகுதியின் மேல் சிதறி விழுந்த ஸ்கைலாப் விண்கூடத்தின் துண்டு ஒன்று இருக்கிறது. ஓய்வு நாளில் நடக்கத் தகுந்த தூரம் அதுதான். முன்பே அஞ்சலில் அனுப்பிய உணவுப் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டு, வண்டியை முழுவதும் இறக்கி, ஆணிகளை இறுக்கி, சக்கரங்களில் சிக்கிய முட்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஓய்வு நாளின் மறுநாள் காலையில் வலியால் நொண்டாமல் பத்து நிமிடம் நடக்க முடிய வேண்டும், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், மாற்றுக் குழாய் குறைந்தது இரண்டு மிஞ்சியிருக்க வேண்டும், அடுத்த ஐந்து நாளின் வானிலை அறிக்கையில் கடும் வெப்பமோ தொடர் மழையோ இருக்கக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் இன்னொரு நாள் தங்குங்கள். அதன் பின்னும் தவறினால், மேற்கே திரும்பும் கேரவன்காரர் எவரிடமும் இடம் கேட்கலாம், தருவார்கள்.

கைகுனா வரையிலான இரண்டாம் துண்டுக்கு, ஐந்து நாளுக்கு 30 லிட்டரும் சேமிப்பாக ஆறு லிட்டரும் ஏற்றுவதால், வண்டி பயணத்திலேயே மிகக் கனமாக இருக்கப்போவது புறப்படும் அந்தக் காலையில்தான். நல்வாய்ப்பாகத் தூரம் அதற்கு ஒத்துவருகிறது. பாலடோனியாவிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ.இல், 146.6 கி.மீ. வளைவே இல்லாமல் நீளும் நேர்ச்சாலையின் தொடக்கப் பலகை நிற்கிறது. முதல் நாளை அந்தப் பலகைக்குச் சற்று முன்னால் முடித்துக்கொண்டு, மாலை வெளிச்சம் இருக்கும்போதே தங்கிவிடுங்கள். மறுநாள் காலை ஆறு லிட்டர் குறைந்த வண்டியோடு நேர்ச்சாலைக்குள் நுழைந்தால், கைகுனாவுக்கு நாளொன்றுக்கு 37 கி.மீ. வீதம் நான்கு நாள். கைகுனாவைக் கடந்ததும் கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே திருப்பிவைக்கச் சொல்லும் பலகை ஒன்று வரும்; வீட்டுக்குச் செய்தி அனுப்பும் நேரத்தை மட்டும் பெர்த் நேரத்திலேயே விட்டுவிடுங்கள், இல்லையேல் அன்று மாலை அங்கே ஒருவர் காரணமில்லாமல் கவலைப்படுவார்.